ஓட்டெடுப்பு இல்லாமல் குவேக்கர் குழுக்கள் எப்படி முடிவெடுக்கின்றன?

குவேக்கர்கள் (இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) எதற்குமே ஓட்டெடுப்பு நடத்துவதில்லையாமே, அப்படியானால் குழு வேலையெல்லாம் எப்படி நடக்கிறது, அதற்கும் அவர்கள் நம்பிக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆமாம், ஓட்டு கிடையாது. வட இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரில் ஆறு வருடமாக ஞாயிறுதோறும் குவேக்கர் கூடுகைக்குப் போகிறேன். உறுப்பினராகச் சேரவில்லை. ஆனாலும் மூன்று வருடம் கட்டடக் குழுவில் இருந்தேன்.

ஞாயிறு வழிபாட்டில் பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை. வட்டமாக நாற்காலிகள், நடுவில் மேசை, அதில் பூச்சாடி. ஒரு மணி நேரம் மௌனம். யாருக்காவது உள்ளிருந்து சொல் வந்தால் எழுந்து சொல்லிவிட்டு உட்காருவார், யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். நிர்வாகக் கூட்டமும் அவர்களுக்கு, கடவுளின் சித்தத்தைக் கேட்கக் காத்திருக்கும் இதே வழிபாடுதான். இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

கூட்டத்தை நடத்தும் கிளார்க் தன் கருத்தைத் திணிப்பதில்லை. எல்லோரும் பேசுவதைக் கேட்டு, கூட்டத்தின் மனம் எங்கே போய் நிற்கிறது என்று உணர்ந்து, அங்கேயே மினிட்ஸ், அதாவது முடிவுக் குறிப்பு, எழுதுகிறார். அதுவரை நாங்கள் பேசாமல் காத்திருப்போம், பேனா காகிதத்தில் உரசுவது கேட்கும். எழுதியதை வாசித்து ஏற்கலாமா என்று கேட்டால், சம்மதிப்பவர்கள் "ஹோப் ஸோ" என்பார்கள். அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன் என்று அர்த்தம். கடவுளின் சித்தத்தைச் சரியாகக் கேட்டுவிட்டோம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாதே! எனக்கு மிகவும் பிடித்த சொல் இது.

ஒரு நவம்பரில் எரிவாயுக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. வார நாட்களில் ஏற்கெனவே வெப்பத்தைக் குறைத்துத்தான் வைத்திருந்தோம். இனி ஞாயிறு மட்டும் கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லரைப் போடுவோம் என்று ஏழு பேருக்குச் சம்மதம். எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா மட்டும், "எனக்கு மனம் ஒப்பவில்லை, காரணம் சொல்லத் தெரியவில்லை" என்றார். (எல்லோரும் சமம் என்பதால் இங்கே பட்டமும் கிடையாது, அடைமொழியும் கிடையாது. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவே சில மாதங்கள் ஆயின.) ஓட்டு என்றால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கிளார்க், "இன்னும் தெளிவு வரவில்லை, அடுத்த மாதம் பார்ப்போம்" என்று எழுதினார்.

அந்த இடைவெளியில் எங்களில் இருவர் புதன்கிழமை எங்கள் கட்டடத்தின் ஹாலுக்குப் போய்ப் பார்த்தோம். அகதிகளாக வந்தவர்களுக்கு அங்கே ஆங்கில வகுப்பு நடக்கும். ஒரு பெண் கோட்டைக் கழற்றாமல், கையுறை போட்ட விரல்களால் பென்சிலைப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் வந்த முடிவு இது: புதன்கிழமை பாய்லர் முழுதாக ஓடும், ஞாயிறு நாங்கள் பின்னாலுள்ள சின்ன அறையில் நெருக்கி உட்காருவோம். முதல் நாள் வந்தபோது எங்களில் யார் மனதிலும் இந்த யோசனை இல்லை.

ஆனால் இந்த நிதானம் எப்போதும் நல்லது என்று சொல்லமாட்டேன். 1688இல் அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர், அடிமை முறை தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். உள்ளூர் குவேக்கர்களின் மாதக் கூட்டம் அதை அதற்கு மேலே இருந்த காலாண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது, அது ஆண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது, அங்கே கிடப்பில் போட்டார்கள். பிறகு ஜான் உல்மன் என்ற தையல்காரர், அடிமை வைத்திருந்த குவேக்கர்களின் வீடுகளுக்கே போய்ப் பேசினார். அப்படித் தங்கிய வீடுகளில், தனக்கு வேலை செய்த அடிமைகளுக்குத் தன் கைக்காசிலிருந்து கூலி கொடுத்தார். 1772இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் பெரியம்மையில் இறந்துபோனார். குவேக்கர்கள் அடிமை வைத்திருக்கவே கூடாது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் தடை போட்டது 1776இல். 88 வருடம்! மனம் ஒன்றுபடட்டும் என்று கூட்டம் காத்திருந்த அத்தனை காலமும் விலங்கு கிடந்தது வேறு யாரோ காலில். இதைப் படித்த பிறகு "காத்திருப்போம்" என்ற சொல்லை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.

பாய்லர் விஷயம் தள்ளிப்போன அன்றும், எழுந்து போகும் நேரத்தில் ஒருவர் கேட்டார்: "சரி, நாம் காத்திருக்கும்போது குளிரில் உட்காரப்போவது யார்?" அடுத்த புதன்கிழமை ஹாலில் இரண்டு மின்சார ஹீட்டர்கள் இருந்தன. தன் வீட்டிலிருந்து அவரே எடுத்து வந்தது.