ஸ்பிரிங்கில் கை வைக்க விடாதீர்கள்

கேள்வி: அப்பாவின் பழைய பாயிண்ட் 32 ரிவால்வர், கான்பூர் தொழிற்சாலைத் தயாரிப்பு, இப்போது முறைப்படி என் லைசென்ஸில் இருக்கிறது. விசை (டிரிகர்) இழுக்கக் கல் மாதிரி இருக்கிறது. செல்லூரில் தெரிந்த லேத் பட்டறைக்காரர், ஸ்பிரிங்கைத் தேய்த்து மெலிசாக்கினால் லேசாகிவிடும், 800 ரூபாய் போதும் என்கிறார். செய்யலாமா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

விசை ஏன் கனக்கிறது என்று முதலில் பார்ப்போம். தோட்டாவை வெடிக்க வைக்கத் தட்டும் ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டால் விசை லேசாக விழும். அப்படிச் செய்யாமல் நேராக இழுக்கும்போது உங்கள் ஒரு விரல்தான் ஹேமரைத் தூக்குகிறது, ஸ்பிரிங்கை அமுக்குகிறது, தோட்டாக்கள் இருக்கும் உருளையையும் அடுத்த அறைக்குத் திருப்புகிறது. ஐந்து கிலோ அளவுக்கு இழுவை இருப்பது ரிவால்வரில் சகஜம். ரிவால்வர் தற்செயலாக வெடிக்காமல் காப்பதில் அந்தக் கனத்துக்கும் பங்கு உண்டு.

அதற்கும் மேல் கனக்கிறதா? தோட்டாக்களை எடுத்து வீட்டின் வேறு அறையில் வைத்துவிட்டு, உருளை காலியா என்று இரண்டு தடவை பார்த்து, டம்மி தோட்டா போட்டு உருளையின் ஆறு அறையிலும் இழுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டில் மட்டும் கனத்தால் கோளாறு உருளைப் பக்கம். பெரும்பாலும் கரி அடைந்திருக்கும். எல்லாவற்றிலும் கனத்தால் உள்ளே பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கலாம். துருப்பிடிக்கக் கூடாது என்று நல்லெண்ணெய் விட்டு வைக்கும் வீடுகள் உண்டு. வருடக்கணக்கில் அது தூசியோடு சேர்ந்து கெட்டியாகிவிடும். லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் பிரித்துக் கழுவித் துப்பாக்கி எண்ணெய் போட்டாலே பாதிக் கனம் குறைந்த துப்பாக்கிகள் உண்டு. அப்புறமும் தேவைப்பட்டால், உள்ளே உரசும் இடங்களை மெருகேற்றச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கைத் தொடச் சொல்லாதீர்கள்.

இந்த ஸ்பிரிங் விஷயத்தில் எனக்குக் கோபம் அதிகம். மெலிந்த ஸ்பிரிங்கால் ஹேமர் மெதுவாகத் தட்டும், தோட்டா வெடிக்காது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும். கடையில் இழுத்துப் பார்க்கும்போது இது தெரியாது, லேசாக இருக்கிறதே என்று சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டு வருவோம். நானும் அப்படி ஏமாந்தவன். பழைய ஏர் ரைஃபிள் ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். குழலை மடக்குவது அத்தனை சுலபமாக இருந்தது. வீட்டில் சுட்டால் குண்டு அட்டைப்பெட்டியைக்கூடத் துளைக்கவில்லை. பிரித்துப் பார்த்தால், ஸ்பிரிங்கில் நான்கு சுற்று வெட்டப்பட்டிருந்தது. லேசாக இருந்ததுதான் அதன் நோய் என்று அன்றைக்குப் புரிந்தது.

வேலை முடிந்ததும் சும்மா இழுத்துப் பார்த்து வாங்காதீர்கள். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் சுட்டுப் பாருங்கள். ஆறில் ஒன்று வெடிக்காவிட்டாலும் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: வயலில் மயில் தொல்லை. எந்த ஏர் கன் வாங்கலாம்? (வாடிப்பட்டி)

பதில்: எதையும் வாங்காதீர்கள், மயிலைச் சுட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைதான், சேதத்துக்கு வனத்துறையிடம் மனு கொடுங்கள்.

கேள்வி: ரோட்டோரத்தில் ஏர் பிஸ்டல் வாங்கினேன். பில் இல்லை. ஒரே வாரத்தில் விசை உடைந்துவிட்டது. பணம் திரும்புமா? (உசிலம்பட்டி)

பதில்: திரும்பாது. விற்றவர் யார் என்றே உங்களுக்குத் தெரியவில்லை, யார் மேல் புகார் கொடுப்பீர்கள்? பில் கேளுங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது!

கேள்வி: நான் நகைக்கடைக் காவலாளி. என் இரட்டைக்குழல் துப்பாக்கியின் விசையைச் சரிசெய்ய, லைசென்ஸ் உள்ள கடையில் ஜிபேயில் 9,000 ரூபாய் கட்டினேன். இரண்டு மாதம் கழித்து அதே கோளாறோடு வந்தது. அந்த இரண்டு மாதமும் எனக்கு வேலை இல்லை. கேட்டால் விரட்டுகிறார்கள். (மேலூர்)

பதில்: ஐயா, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். பழுதுபார்ப்பதும் சேவைதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பலன் இல்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். ஐந்து லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. ஜிபே பதிவை அச்செடுத்து வையுங்கள். துப்பாக்கியை ஒப்படைத்தபோது வாங்கிய ரசீதையும், அந்த இரண்டு மாதச் சம்பளம் போனதற்கு நகைக்கடை முதலாளியிடம் எழுதி வாங்கிய கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வேறு யாரிடமும் விசையைக் காட்டும் முன் இதைச் செய்யுங்கள்.