ஊமு சங்காரே ஜெலி இல்லீங்க

வணக்கம் சார். யூடியூப்ல மாலி நாட்டு ஊமு சங்காரே பாட்டு தற்செயலா மாட்டுச்சு. பம்பாரா மொழி ஒரு வார்த்தை புரியல, ஆனா ரெண்டு நாளா அதேதான் ஓடுது. அங்க பாடுறதே ஜெலிங்கிற சாதியோட பரம்பரைத் தொழில்னு படிச்சேன். அப்போ இவங்களும் காசுக்குப் புகழ் பாடுறவங்கதானா? யார்கிட்ட இருந்து கேக்க ஆரம்பிக்கலாம்?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஊமு ஜெலி இல்லீங்க, அவங்க துணிச்சலுக்குப் பாதி காரணமே அதுதான். அவங்க பாடுறது தெற்கு மாலியில இருக்கிற வாசுலு பக்கத்துப் பாட்டு. அங்க சாதி பாக்கறதில்ல, குரல் இருக்கிறவ பாடலாம். வேட்டைக்காரங்களோட சடங்கு யாழைச் சின்னதாக்கி, சுருதி ஏத்தி, இளவட்டங்க ஆடறதுக்குன்னு செஞ்ச கமலெங்கோனிதான் பின்னாடி துள்ளுது. கூடவே கரகரன்னு ஒரு சத்தம் வருதே, அது கரின்யான், இரும்புக் குழாயைக் கம்பியால உரசுறது, பெரும்பாலும் பொம்பளைங்கதான் வாசிப்பாங்க.

ஊமுவோட அப்பா வேற கல்யாணம் பண்ணிட்டு ஐவரி கோஸ்ட் போயிட்டார், அம்மாவும் பாடகி, பொண்ணு சின்ன வயசுலயே தலைநகர் பமாகோவுல கல்யாண வீடுகள்ல பாடிக் குடும்பத்தைத் தாங்குச்சு. அந்தப் பொண்ணு 1989ல 'மூசோலு'ன்னு கேசட் போட்டு பலதார மணத்தையும் கட்டாயக் கல்யாணத்தையும் கிழிச்சா எப்படி இருக்கும்! மேற்கு ஆப்பிரிக்காவுல 2 லட்சத்துக்கு மேல வித்துச்சு.

அதுக்காக ஜெலிகளைக் கூலிப் பாடகிகள்னு சொல்லிடாதீங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. விசேஷத்துல ஒரு ஜெலிமுசோ, அதாவது ஜெலிப் பாடகி, நேரா ஒருத்தர் முன்னாடி போய் நிப்பா, அவர் கெய்ட்டா வம்சம்னா அந்த வம்சத்து 13ஆம் நூற்றாண்டு மாலி ராஜா சுந்தியாட்டாவுல ஆரம்பிப்பா, மனுஷன் கை தானா பாக்கெட்டுக்குப் போகும். உன் முன்னோர் அப்படி இருந்தாங்க, நீ எப்படி இருக்கேங்கிற கேள்வியும் அந்தப் புகழ்ச்சிக்குள்ளயே இருக்குதே. மாலியோட கிட்டா ஊர் ஜெலிமுசோ கான்தியா குயாத்தேவுக்கு 'ஆபத்தானவ'ன்னே பட்டப்பேர், அவ பாடினா சபையில ஆளுங்க மயங்கி விழுந்துடுவாங்களாம் (கொஞ்சம் மிகையா இருக்கலாம், ஆனா அந்தக் குரலைக் கேட்டா நம்பத் தோணுது).

'மூசோலு'லயே ஆரம்பிங்க. அப்புறம் ஊமுவுக்கு முந்தின வாசுலு பாடகிகள் கும்பா சிதிபே, சாலி சிதிபே. கடைசியா கான்தியா. 2004ல பக்கவாதம் வந்து பாட்டே நின்னுபோய், 2015ல மறுபடி ஆல்பம் போட்டாங்க. முதல்ல பழசைக் கேட்டுட்டு இதுக்கு வாங்க, குரல் கனத்துத் தாழ்ந்திருக்கும், எனக்கு இதுதான் ஒரு படி மேல.