நயமா, பயமா?

கேள்வி: அட்டைப்பெட்டி செய்து ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கொடுக்கிறோம். ஒரு பெரிய நிறுவனத்தில் நான்கு மாதப் பாக்கி நிற்கிறது. போகும்போதெல்லாம் ‘ஷிப்மென்ட் போகட்டும், பார்க்கலாம்’ என்கிறார்கள். சரி என்று திரும்பிவிடுகிறேன். “தன்மையாகவே பேசு, ஆர்டர் போய்விடும்” என்கிறார் அப்பா. “நான்கு பேர் முன்னால் கேட்டால்தான் தருவார்கள்” என்கிறார் பங்குதாரர். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: பங்குதாரர் சொல்லும் வழியில் ஒருமுறை பணம் வரலாம். ஆனால் தன் ஊழியர்கள் முன்னால் தலைகுனிந்தவர், செக்கைக் கொடுத்த கையோடு வேறு பெட்டிக்காரரைத் தேடுவார். அப்பா சொன்னது நல்ல சொல்தான். அதை நீங்கள் கடைப்பிடிக்கவில்லை. தேதி வாங்காமல் திரும்பி வருவதைத் தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குப் பெயர் பயம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் அதை முதல் நாளே கண்டுகொண்டிருப்பார்.

இந்தப் பத்திரிகை தொடங்கிய காலத்தில் நாங்களும் பாக்கி வைத்திருந்தோம். அச்சகத்துக்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டார். காகித வியாபாரி உள்ளே வந்து உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். மற்றவர்கள் இருந்தவரை பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. புறப்படும்போது என்னை வாசல்வரை அழைத்துப்போய், மடித்த தாள் ஒன்றைக் கையில் வைத்தார். பில் எண், தேதி, தொகை, அடியில் மொத்தம். “வெள்ளிக்கிழமை நான் மில்லுக்குக் கட்ட வேண்டும். வியாழக்கிழமை பையனைக் காலையில் அனுப்பட்டுமா, மாலையிலா?” என்றார். தருவீர்களா என்று கேட்கவே இல்லை. கையில் இருந்த பணம் ஒருவருக்குத்தான் போதும். அது அவருக்குப் போனது. ஒரு ரூபாயைக்கூட அவர் விடவில்லை. என் மானத்தையும் போகவிடவில்லை.

தூதனுக்கு இலக்கணம் சொல்லும் வள்ளுவர் ‘கண்அஞ்சான் செலச்சொல்லி’ என்கிறார். முறைத்துப் பார்த்தாலும் அஞ்சாதவன், கேட்பவர் மனம் கொள்ளும்படி சொல்பவன். சொல்வதற்கு முன்னால் அஞ்சாமை வருகிறது, கவனியுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. உத்யம் என்னும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனம் என்றால், அவற்றுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் வந்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டுவட்டி. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தம் இன்னும் வலுவானது: கெடு தாண்டி மார்ச் 31-ல் நிலுவையில் நிற்கும் தொகையை, சரக்கு வாங்கியவர் வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. பில்லில் உத்யம் எண் அச்சிட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இதை வக்கீல் நோட்டீஸ் தொனியில் சொன்னால் உறவு முறிந்துவிடும். “சார், எங்கள் ஆடிட்டர் இந்தப் பில்களைக் கேட்கிறார். மார்ச்சில் உங்கள் ஆடிட்டரும் கேட்பார், அதற்குள் முடித்துவிடலாமே” என்று சொல்லிப் பாருங்கள். அதே சட்டம்தான், இப்போது அவருடைய நன்மைக்காகப் பேசுகிறது.

திங்கட்கிழமை போங்கள். முதலாளியைப் பார்ப்பதற்கு முன் கணக்குப் பிரிவில் இருப்பவரைப் பாருங்கள். எந்தப் பில் எந்த மேசையில் நிற்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். அவரைத் தாண்டி மேலே புகார் சொன்னால், உங்கள் பில் எப்போதும் கட்டின் அடியில்தான் கிடக்கும். முழுத் தொகையையும் கேளுங்கள். முதல் தவணைக்குத் தேதி சொல்லும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள். புது ஆர்டர் பேச்சு வந்தால், “பழையதில் பாதி வந்ததும் காகிதம் வாங்கி வேலையைத் தொடங்கிவிடுகிறேன்” என்று சொல்லுங்கள். காகிதம் கடனுக்கே வந்துகொண்டிருக்காது என்பது அவருக்கும் தெரியும்.

பங்குதாரர் அன்று பட்டறையைப் பார்த்துக்கொள்ளட்டும்.