மக்கள்தொகை கூடாத நகரத்திலும் வீட்டுத் தட்டுப்பாடு ஏன்?

மக்கள்தொகை ஏறக்குறைய நிலையாக இருக்கும் நகர்ப்பகுதியிலும் வாடகை ஏன் உயர்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுத் தேவையைப் பெரிதும் தீர்மானிப்பது தலைக்கணக்கு அன்று, குடும்பங்களின் எண்ணிக்கையே. 12 லட்சம் பேர் வீட்டுக்கு 4 பேராக வாழ்ந்தால் 3 லட்சம் வீடுகள் போதும். அதுவே 3 பேராகச் சுருங்கினால், புதிதாக ஒருவர்கூடக் குடியேறாத நிலையிலும் 4 லட்சம் வீடுகள் வேண்டும். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன பின், மூன்று படுக்கையறை வீட்டில் தாய் மட்டும் ஓர் அறையில் விளக்கேற்றி இருப்பதை நினைத்துப் பாருங்கள்: அந்தக் குடும்பத்தில் ஆள் கூடவில்லை, அதற்குத் தேவையான வீடுகள்தான் கூடியிருக்கின்றன. புதிய வீடுகளோ, நிலம் வாங்குவது, அனுமதி பெறுவது, கட்டி முடிப்பது எனப் பல ஆண்டுகள் தாமதித்தே வருகின்றன. பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் காட்டித் தட்டுப்பாடே இல்லை என்பாரும் உண்டு; ஆனால் அவற்றில் பல வேலையிடங்களுக்கு எட்டாத தொலைவிலோ, வாடகைக்கு விடப்படாமலோ இருப்பதால், வீடு தேடி அலைவோருக்கு அவை உதவுவதில்லை.