கோல்டன் விசா வந்தாச்சு, வரி எங்கே கட்டுவது?

வாசகர் கேள்வி – ஆடிட்டர் பதில்

முதலீடு செய்து வெளிநாட்டில் குடியிருப்பு உரிமை வாங்கியவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். அதில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் நீளமாக இருக்கும். எங்கள் ஆபீஸ் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது அதைத்தான்.

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். போன வருஷம் துபாயில் 20 லட்சம் திர்ஹாமுக்கு ஒரு ஃபிளாட் வாங்கினேன். பத்து வருஷ கோல்டன் விசாவும் எமிரேட்ஸ் ஐடியும் கைக்கு வந்துவிட்டன. ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன்; வாடகை அங்குள்ள வங்கிக் கணக்கில் விழுகிறது. நான் எப்போதாவது நாலு நாள், ஒரு வாரம் என்று போய் வருவேன், அவ்வளவுதான். "இனிமே நீங்க என்.ஆர்.ஐ. சார், இந்த வாடகைக்கு எங்கேயும் வரி கிடையாது" என்கிறார் ஃபிளாட்டை விற்றுக் கொடுத்த ஏஜென்ட். சரிதானா?
– திருப்பூர் வாசகர்

பதில்: சரியில்லை. அவர் பேச்சை நம்பி இந்த வருஷ ரிட்டர்னைப் போட்டுவிடாதீர்கள்.

விசா என்பது அந்த நாட்டுக்குள் தங்குவதற்கான அனுமதி. நீங்கள் எந்த நாட்டுக்கு வரி கட்ட வேண்டியவர் என்பதை அது முடிவு செய்வதில்லை. நம் வருமான வரிச் சட்டம் பார்ப்பது நீங்கள் இந்தியாவில் இருந்த நாட்களை. ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்துவிட்டால் நீங்கள் ரெசிடென்ட், அதாவது வரிக் கணக்கில் இந்தியாவில் வசிப்பவர். பையில் எத்தனை நாட்டு விசா இருந்தாலும் அதுதான் நிலை. 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்று வந்திருக்கும் 2025-ஆம் வருஷத்துப் புதிய சட்டமும் இந்த 182 நாள் கணக்கில் கை வைக்கவில்லை. வருஷத்தில் பத்து மாதத்துக்கு மேல் திருப்பூரில் இருக்கும் நீங்கள், வரியைப் பொறுத்தவரை முழுக்க முழுக்க இந்திய ரெசிடென்ட். உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும்.

இந்தக் குழப்பம் ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது என்றால், சாதாரண துபாய் விசாவில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசாவே போய்விடும். கோல்டன் விசாவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே வசிக்காமலே விசாவை வைத்துக்கொள்ளலாம். வசிக்காமல் வைத்திருக்கிற விசா எப்படி உங்களை என்.ஆர்.ஐ. ஆக்கும்?

சரி, வாடகைக்கு வருவோம். இந்தியாவுக்கும் அமீரகத்துக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அசையாச் சொத்தின் வருமானத்துக்குச் சொத்து இருக்கும் நாடு வரி போடலாம் என்கிறது அது. 'போடலாம்' என்றிருந்தால் இந்திய ரெசிடென்ட் அதை இங்கேயும் வருமானத்தில் சேர்க்க வேண்டும், அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று 2008-லேயே நம் வரித்துறை அறிவிக்கை போட்டுவிட்டது. அங்கே தனிநபர் வருமான வரியே கிடையாது. கழிக்க ஒன்றும் இல்லாததால் முழு வரியும் இங்கேதான். வருஷ வாடகை 1,20,000 திர்ஹாம், திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 27.6 லட்ச ரூபாய். வாடகை வருமானத்துக்கு உள்ள 30 சதவிகிதக் கழிவு போக 19.32 லட்சம். உங்கள் மற்ற வருமானத்தின் மேல் இது ஏறுவதால் 30 சதவிகித வரி, சுமார் 5.8 லட்சம், செஸ் தனி. நாளைக்கு ஃபிளாட்டை விற்று லாபம் வந்தாலும் இதே கதைதான்.

வரியைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணை ஒன்று உண்டு; ஷெட்யூல் எஃப்.ஏ. என்போம். அதில் ஃபிளாட்டையும், வாடகை விழும் வங்கிக் கணக்கையும், ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான காலண்டர் வருஷக் கணக்கில் காட்ட வேண்டும். வருமானமே இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015-ஆம் வருஷத்துக் கறுப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்ச ரூபாய் அபராதம் போட இடமிருக்கிறது. மொத்தம் 20 லட்ச ரூபாய்க்கு மேல் போகாத சொத்துகளுக்கு 2024 அக்டோபர் முதல் அந்த அபராதத்திலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அசையாச் சொத்துக்கு அந்த விலக்கு இல்லை. உங்களுடையது ஃபிளாட். ஏற்கெனவே ரிட்டர்ன் போட்டு இது விடுபட்டிருந்தால், காலக்கெடு இருக்கும்போதே திருத்திய ரிட்டர்ன் போடுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு திருத்துவதும் தானாக முன்வந்து திருத்துவதும் ஒன்றாகாது.

துபாயில் இருப்பது இங்கே எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. நாடுகள் ஒன்றுக்கொன்று வங்கிக் கணக்கு விவரங்களைத் தானாகவே அனுப்பிக்கொள்ளும் ஏற்பாட்டில் அமீரகம் 2018 முதல் இருக்கிறது. அங்கே கணக்குத் திறக்கும்போது 'வரி விஷயத்தில் எந்த நாட்டு ரெசிடென்ட்' என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். என்னிடம் வந்த ஒருவரின் படிவத்தைப் பார்த்தேன். ஏஜென்ட் ஆபீஸிலேயே நிரப்பி, 'யு.ஏ.இ.' என்று மட்டும் எழுதி, பான் எண் கட்டத்தைக் காலியாக விட்டு, எமிரேட்ஸ் ஐடி நகலைக் குத்தியிருந்தார்கள். கையெழுத்து மட்டும் அவருடையது. இது பொய் உறுதிமொழி. முதலீட்டு விசாக்களை வைத்து இப்படி நடக்கும் என்று ஓ.இ.சி.டி. என்கிற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2018-லேயே வங்கிகளை எச்சரித்து, கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதிக் கொடுத்திருக்கிறது: இந்த உரிமையை முதலீடு செய்து வாங்கினீர்களா? வேறு நாட்டில் 90 நாளுக்கு மேல் இருந்தீர்களா? போன வருஷம் எந்த நாட்டில் ரிட்டர்ன் போட்டீர்கள்? உங்கள் வங்கிக்குப் போய் அந்தப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். தப்பாக இருந்தால் இந்தியாவையும் பான் எண்ணையும் சேர்த்துப் புதிதாக எழுதிக் கொடுங்கள்.

பணம் போன வழியையும் ஒருமுறை சரிபாருங்கள். ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதிப்பது 2,50,000 டாலர். 20 லட்சம் திர்ஹாம் என்பது சுமார் 5,44,600 டாலர். கணவன் மனைவி இருவர் வரம்பையும் சேர்த்தாலும் ஒரே வருஷத்தில் எட்டாது. அதனால்தான் மார்ச்சில் ஒரு தவணை, ஏப்ரலில் ஒரு தவணை என்று பிரித்து அனுப்புவார்கள். அப்படி மனைவியின் வரம்பில் பணம் போயிருந்தால் பத்திரத்தில் அவர் பெயரும் இருக்க வேண்டும். அனுப்பும்போது 10 லட்ச ரூபாய்க்கு மேலான தொகைக்கு வங்கி 20 சதவிகிதம் டி.சி.எஸ். என்கிற முன்கூட்டிய வரி பிடிக்கும். டாலர் 85 ரூபாய் என்றால் 2,50,000 டாலருக்கு 40.5 லட்ச ரூபாய். இது போன பணம் இல்லை. உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம். இதைக் கேட்டு வாங்காமலே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

உண்மையிலேயே குடும்பத்தோடு துபாய்க்குக் குடிபோகும் எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுகிறவர்களுக்கு ஊருக்கு வந்து போகும் நாட்கள் 182 வரை போக முடியாது. முந்தைய நாலு வருஷத்தில் 365 நாள் இங்கே இருந்திருந்தால் 120-லேயே மாட்டிக்கொள்வீர்கள். எந்த நாட்டிலும் வரி கட்டக் கடமைப்படாத இந்தியக் குடிமகனை, அதே 15 லட்ச வரம்பின் பேரில், ரெசிடென்டாகவே கருதலாம் என்ற விதியும் 2020-ல் வந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் அப்போது பயந்தே போனார்கள். பயப்பட வேண்டியதில்லை. இந்த இரண்டு விதியில் ரெசிடென்ட் ஆகிறவர்களின் துபாய் வாடகைக்கும் துபாய்ச் சம்பளத்துக்கும் இங்கே வரி இல்லை. ஆனால் இங்கிருந்து நடத்தும் தொழிலின் வருமானத்துக்கு உண்டு. உங்கள் பனியன் கம்பெனி திருப்பூரில் இருக்கும்வரை அந்த வரி உங்களோடு இருக்கும்.

கேள்வி: முதலீட்டுக்குக் கிரீன் கார்டு தரும் அமெரிக்க இ.பி.-5 திட்டத்தில் 8 லட்சம் டாலர் முதலீடு செய்தோம். எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் விசா கிடைத்துவிட்டது. ஜூன் நடுவில் மகளின் பள்ளி வேலைகளை முடித்துக்கொண்டு கிளம்பலாம் என்றிருக்கிறோம். சென்னையில் ஒரு வீட்டு வாடகை, பி.பி.எஃப்., பல வருஷமாகப் போடும் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. எல்லாம் இருக்கின்றன. கிளம்பும் முன் என்ன செய்ய வேண்டும்?
– அண்ணா நகர் வாசகர்

பதில்: கிளம்பும் முன் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். கிரீன் கார்டு உரிமையோடு அமெரிக்க மண்ணில் கால் வைக்கும் நாளிலிருந்து உங்கள் உலக வருமானம் முழுவதும் அந்த நாட்டு வரிக்கணக்கில் வந்துவிடும். முதல் இரண்டு வருஷம் நிபந்தனைக் கார்டுதானே என்று விலக்கு எதுவும் கிடையாது.

முதலில் மியூச்சுவல் ஃபண்டைப் பாருங்கள். நம் ஊர் ஃபண்டுகளை அமெரிக்கச் சட்டம் ஒரு தனி வகையில் வைத்துக் கடுமையாக வரி போடுகிறது. சாதாரணமாக விற்றால், லாபத்தை வைத்திருந்த காலம் முழுவதற்கும் பிரித்துப் போட்டு, அங்கே குடியேறிய பிறகு கடந்த வருஷங்களின் பங்குக்கு உச்ச விகிதமான 37 சதவிகிதமும் மேலே வட்டியும் போடுவார்கள். ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனிப் படிவம் வேறு. நீங்கள் குடியேறும் நாளின் மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளும் சலுகையும் அங்கே இல்லை. அதனால் இங்கே 12.5 சதவிகித நீண்டகால மூலதன ஆதாய வரியைக் கட்டி விற்றுவிட்டுக் கிளம்புவதே நல்லது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். எஸ்.ஐ.பி.யையும் நிறுத்துங்கள். நேரடியாக வாங்கிய கம்பெனிப் பங்குகளுக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

பி.பி.எஃப். வட்டிக்கு இங்கே வரி கிடையாது, அங்கே உண்டு. முதிர்வு வரை கணக்கைத் தொடரலாம், நீட்டிக்க முடியாது. சென்னை வீட்டு வாடகைக்கு இங்கே வரி கட்டி, அங்கே அதைக் கழித்துக்கொள்ளலாம்.

அப்புறம் எஃப்பார் என்கிற அறிக்கை. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள உங்கள் கணக்குகள் எல்லாவற்றிலும் சேர்த்து வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அத்தனை கணக்கையும் காட்ட வேண்டும். இது வரி அல்ல, தகவல்தான். அம்மாவின் கணக்கில் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று உங்கள் பெயரைச் சேர்த்திருப்பீர்களே, அதுவும் இதில் வரும். வேண்டுமென்றே மறைத்ததாக முடிவானால் அபராதம் கணக்கில் இருக்கும் பணத்தில் பாதி வரை போகலாம். அம்மாவின் கணக்கை இப்போதே பிரித்துவிடுங்கள்.

கடைசியாக, தேதி. வேலைக்காகப் போகிறவர்களுக்குக் கிளம்பும் வருஷத்தில் 182 நாள் வரை சலுகை உண்டு. முதலீட்டாளராகக் குடிபோகிறவருக்கு அந்தச் சலுகையை நம்பி இருக்க முடியாது; 60 நாள் இருந்தாலே ரெசிடென்ட் என்கிற விதி பாயும். ஏப்ரல் 1 முதல் ஜூன் நடுப்பகுதி வரை இங்கே இருந்தால் 60 தாண்டிவிடும், அந்த நிதியாண்டு முழுவதற்கும் நீங்கள் இந்தியாவிலும் ரெசிடென்ட், அமெரிக்காவிலும் ரெசிடென்ட். இரு நாட்டு வரி ஒப்பந்தத்தை வைத்துச் சரிக்கட்டலாம், ஆனால் வேலை இரட்டிப்பாகும். மே 25-க்குள் நீங்கள் முன்னால் கிளம்பிப் போய், மகளும் மனைவியும் ஜூனில் வரலாமா என்று பேசிப் பாருங்கள்.

கேள்வி: என் அப்பா 2015-ல் 5 லட்சம் டாலர் முதலீடு செய்து, 2016-ல் கிரீன் கார்டு வாங்கினார். 2021-ல் மதுரைக்கே திரும்பிவிட்டார். அதன் பிறகு அங்கே போகவில்லை, ரிட்டர்னும் போடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் கார்டு தானாகவே போய்விடும், விடுங்கள் என்கிறார்கள். விட்டுவிடலாமா?
– மதுரை வாசகி

பதில்: விடாதீர்கள் அம்மா. குடியேற்ற அதிகாரி அவரை உள்ளே விடாமல் போகலாம், அது வேறு. வரித்துறையைப் பொறுத்தவரை ஐ-407 படிவம் கொடுத்துக் கார்டை ஒப்படைக்கும்வரை, அல்லது அரசே அதை முறைப்படி ரத்து செய்யும்வரை, அவர் இன்னும் அமெரிக்க ரெசிடென்ட்தான். கார்டு பீரோவில் கிடந்தாலும் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைசி 15 வருஷத்தில் 8 வருஷம் கார்டு இருந்திருந்தால் வெளியேறும்போதும் ஒரு வரிக் கணக்கு உண்டு. ஒரு வருஷத்தில் ஒரு நாள் இருந்தாலும் அது ஒரு வருஷம். உங்கள் அப்பா அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார். நிகர சொத்து 20 லட்சம் டாலருக்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கடந்த ஐந்து வருஷ வரிக் கடமைகளை ஒழுங்காக முடித்தேன் என்று 8854 படிவத்தில் உறுதி சொல்ல முடியாவிட்டால், சொத்து குறைவாக இருந்தாலும் அந்த வரிக்குள் வந்துவிடுவார்.

வழி இருக்கிறது. தெரியாமல் விட்டவர்களுக்காக அமெரிக்க வரித்துறை ஒரு திட்டம் வைத்திருக்கிறது. மூன்று வருஷ ரிட்டர்ன், ஆறு வருஷ எஃப்பார். அங்கே வீடு இல்லாமல், கடைசி மூன்று வருஷத்தில் ஒரு வருஷமாவது 330 நாள் வெளியே இருந்தவருக்கு அபராதமும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு இது பொருந்தும் போலத் தெரிகிறது. அந்தத் திட்டம் கேட்பது மூன்று வருஷம்தான், உறுதிமொழி கேட்பது ஐந்து. விடுபட்ட மற்ற வருஷங்களையும் போட்டு முடித்த பிறகே ஐ-407 கொடுங்கள், வரிசை மாறக் கூடாது. அமெரிக்க ரிட்டர்ன் போடும் தகுதியுள்ள ஒருவரைப் பிடியுங்கள். போகும்போது அப்பாவின் பழைய, புதிய பாஸ்போர்ட்டுகளையும், 2016 முதல் வங்கிக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட்டுகளையும், முதலீடு செய்த நிறுவனம் வருஷாவருஷம் அனுப்பிய கே-1 தாள்களையும் எடுத்துப் போங்கள்.