மழையும் ஓதமும் ஒன்றாக வந்தால்: சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் வாசிகளின் கேள்விகள்

வடிகால் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் அக்கம்பக்கத்தார் கேட்டனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, சிக்லாப் கால்வாய்ப் பக்கம் தரைவீடு. ஒரு மணி நேர மழைக்கே வாசலில் தண்ணீர். லோங்காங் (வடிகால்) அடைத்துக்கொண்டதா?

அடைப்பும் இருக்கலாம். ஆனால் மழை பெய்தபோது கடல் எவ்வளவு ஏறியிருந்தது என்று முதலில் பாருங்கள். மழைநீர் பெரும்பாலும் சரிவில் ஓடித்தான் கடலில் சேர்கிறது. கடல் ஏறி நின்றால் கால்வாயின் வாய் அடைபட்ட மாதிரி. தண்ணீர் மெதுவாக வடியும், தெருவில் தேங்கும். அதே மழை ஆறு மணி நேரம் கழித்து, கடல் இறங்கிய பிறகு பெய்திருந்தால் தெரு நனைந்ததோடு போயிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம், அதாவது கடல் ஏற்றம், உயரும். டிசம்பர், ஜனவரியில் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். அந்த நாட்களை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

மரீன் பரேடில் எட்டாவது மாடி. எங்களுக்கு என்ன கவலை?

வீடு நனையாது. கீழே கார் நிறுத்துமிடமும் பஸ் நிறுத்தமும் நனையலாமே.

அங்கிள், என் பாட்டி காட்டோங்கில் வளர்ந்தவர். கடல் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தது என்பார். அது திரும்பி வந்துவிடுமா?

பாட்டி சொல்வது உண்மைதான், தம்பி. காட்டோங் பூங்கா அன்று கடலோரத்தில் இருந்தது. 1966இல் தொடங்கிய கடல் நிரப்பும் பணி கரையைத் தள்ளிக்கொண்டு போனது. மரீன் பரேட் எழுந்ததே அந்த மண்ணில்தான்.

சிங்கப்பூர் நிலத்தில் சுமார் 30 விழுக்காடு, கடலின் சராசரி மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. 2100க்குள் கடல் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்பது 2024இல் வெளிவந்த கணிப்பு. அதற்காகத்தான் கரைக்கு எதிரே சுமார் 800 ஹெக்டரில் 'லாங் ஐலண்ட்' என்ற செயற்கைத் தீவைத் திட்டமிடுகிறார்கள். தீவுக்கும் கரைக்கும் நடுவில் நன்னீர்த் தேக்கம் வரும். இல்லையென்றால் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்கா நெடுக 3 மீட்டர் உயரச் சுவர் எழுப்ப வேண்டும். நான் தீவின் பக்கம்தான். ஆனாலும் கடல் இன்னொரு முறை தள்ளிப் போவதை நினைத்தால் மனசு கனக்கிறது. பாட்டி சொல்வதையெல்லாம் கைப்பேசியில் பதிவு செய்து வை. அவர் பார்த்த கரையைக் காட்ட இனி வேறு வழியில்லை.

இப்போதைக்கு நாங்கள் என்ன செய்யலாம், அண்ணே?

பொதுப் பயனீட்டுக் கழகத்தின் டெலிகிராம் வெள்ள அறிவிப்பில் சேருங்கள். கனமழை அறிவிப்பு வந்ததும் அன்றைய ஓத நேரத்தையும் பாருங்கள். இரண்டும் ஒத்து வந்தால் தண்ணீர் வருமுன் காரை மேட்டுக்குக் கொண்டுபோய், வாசலில் தடுப்புப் பலகையை மாட்டிவிடுங்கள்.

அப்புறம், கலங்கிய தண்ணீரில் இறங்கி நடக்காதீர்கள். லோங்காங் எது, சாலை எது என்று தெரியாது. நான் ஒரு முறை முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று கால் வைத்து, இடுப்பு வரை இறங்கிவிட்டேன். உங்கள் வரிசையில் தனியாக இருக்கும் முதியவர்களின் எண் கையில் இருக்கட்டும். மழை வலுக்கும்போதே கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.