பிரசங்கத்தில் அரசியல் பேசலாமா?

கேள்வி: எங்கள் போதகர் சபையின் மாத இதழில், 'விசுவாசி அரசியலை விட்டு ஒதுங்க முடியாது, அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருப்பதும் பாவம்' என்று எழுதியிருக்கிறார். கமிட்டியில் உள்ள பெரியவர் ஒருவர், 'இயேசு சொன்னபடி இராயனுடையதை (அரசனுக்கு உரியதை) இராயனுக்கு விட்டுவிட வேண்டியதுதானே, ஐயருக்கு (போதகருக்கு) எதற்கு இந்த வேலை?' என்கிறார். யார் சொல்வது சரி? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: போதகர் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் பாதியைத்தான் எழுதியிருக்கிறார்.

குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு சபைக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பெரியவர் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். மேலாடை போட உரிமை மறுக்கப்பட்டிருந்த நம் பாட்டிமாருக்குப் பாட்டிமார் தோளில் சீலை போட்டதே பெரிய அரசியல். சந்தையில் வைத்து மேல்சாதியார் அந்த மேலாடையைப் பிடித்துக் கிழித்த காலத்தில் மிஷனரிமார் ஜெபம் செய்ததோடு நிற்கவில்லை, அரசாங்கத்துக்கு மனு மேல் மனு போட்டார்கள். 1859 ஜூலையில் மேலாடை போடலாம் என்று திருவிதாங்கூர் மகாராஜாவின் உத்தரவு வந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. அவ்வளவு தூரம் போவானேன், 2017-இல் ஒக்கி புயல் அடித்து, கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் கிடந்தபோது குழித்துறை ரயில் நிலையத்தில் மக்களோடு தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்களில் பங்குத்தந்தைமாரும் உண்டு. அதைத் தப்பு என்று சொல்ல எந்தக் கடற்கரை ஊரிலாவது ஆள் இருக்கிறதா?

சரி, விட்டுப்போன பாதிக்கு வருகிறேன். தேர்தலுக்கு முந்தின ஞாயிறு நம் ஊர்களில் நடப்பது உங்களுக்கே தெரியும். ஆராதனை முடியும் நேரம் பார்த்து வேட்பாளர் வெள்ளை வேட்டியில் வந்து முன் வரிசையில் உட்காருவார், அறிவிப்புகளோடு சேர்த்து அவருக்கு ஒரு வரவேற்பு, ஒரு சால்வை, அப்புறம் 'நம்ம ஆளு, கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்' என்று ஒரு வார்த்தை. இது அநியாயத்தை எதிர்த்துப் பேசுவது ஆகாது, சபையாரின் ஓட்டை அவர்களைக் கேட்காமலே விலை பேசுவது. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது 1951-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு, வழிபாட்டு இடத்தை அரசியலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 1988-இல் தனிச் சட்டமே இருக்கிறது.

சட்டத்தைக்கூட விடுங்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கிட்டத்தட்டப் பாதிப் பாதியாக, ஒரே தெருவில், பல இடங்களில் ஒரே குடும்பத்திலேயே இருக்கிற மாவட்டம் இது. 1982-இல் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவ மோதல் துப்பாக்கிச்சூடு வரைக்கும் போனதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இங்கே கோயிலில் நின்று ஒருவரும் சர்ச்சில் நின்று ஒருவரும் 'நம்ம ஆளு' என்று சொல்ல ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

வேதத்தில் தீர்க்கதரிசி நாத்தான் கண்டித்தது யாரை? எதிரி நாட்டு ராஜாவை அல்ல, தன் சொந்த ராஜாவான தாவீதை, முகத்துக்கு நேரே. உங்கள் போதகருக்கு நான் வைக்கிற சோதனையும் இதுதான். மலையை உடைத்துக் கல்லும் ஜல்லியுமாக டாரஸ் லாரிகள் கேரளாவுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. அந்தக் குவாரிக்காரர் இன்னொரு மதத்துக்காரராக இருந்தால் பேசுவது சுலபம். அவரே சபைக்குப் பெரிய காணிக்கை கொடுக்கிறவராக, முன் பெஞ்சில் உட்காருகிறவராக இருந்தால்? அப்போதும் ஐயர் அதே குரலில் பேசுவார் என்றால், அந்தப் பெரியவர் என்ன சொன்னாலும் நீங்கள் ஐயர் பக்கம் நில்லுங்கள். அடுத்த தேர்தலில் எந்தக் கட்சி வேட்பாளருக்கும் சர்ச்சுக்குள் சால்வை இல்லை என்று கமிட்டியில் இப்போதே தீர்மானம் போடச் சொல்லி, அதை முன்மொழிய அந்தப் பெரியவரையே கேளுங்கள்.